கொடையும் நஞ்சும்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் நம் தம்பி மகளுக்கு ஒரு பெட்டி அனுப்பினோம். கைமுறுக்கு, அச்சுமுறுக்கு, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், வீட்டில் இடித்த இட்லிப் பொடி, மரமணிகளால் ஆன செபமாலை ஒன்று. அவ்வளவுதான். அஞ்சலகத்து ஊழியர் ஓர் அறிவுரை சொன்னார். விற்பனைச் சரக்கு என்று அந்நாட்டுச் சுங்கத்தார் எண்ணிவிடக் கூடாது. ஆகவே பெட்டியின்மேல் 'கிஃப்ட்' என்று தெளிவாக எழுதிவிடுங்கள் என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை நம்முடையது. பெட்டியின் நான்கு பக்கங்களிலும் சிவப்பு மையால், பெரிய ஆங்கில எழுத்துகளில், அச்சொல்லை எழுதினோம். அதன்கீழே தின்பண்டம் என்பதையும் ஆங்கிலத்தில் குறித்தோம்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அவள் குரல் கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"பெரியப்பா, பெட்டி பத்திரமாக வந்துவிட்டது. ஆனால் நான்கு பக்கமும் நஞ்சு, நஞ்சு என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்களே!"

அவள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் வயதான ஜெர்மானிய அம்மையார். அஞ்சல்காரரிடமிருந்து பெட்டியை வாங்கிய அவர், அதை வீட்டிற்குள் கொண்டுவராமல் மாடிப்படியின் அடியிலேயே வைத்துவிட்டாராம். ஜெர்மன் மொழியில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. பூச்சிகொல்லிப் புட்டியின்மேல் மண்டையோட்டுப் படத்துடன் காணப்படும் சொல் அது. அவரைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து வந்த பெட்டியின்மேல் "நஞ்சு: தின்பண்டம்" என்று எழுதியிருந்தது.

"இன்னொன்று, பெரியப்பா. 45 யூரோ மதிப்புக்கு மேல் போனால் இங்கே வரி கேட்பார்கள். அளவாக அனுப்புங்கள். அளவாக இருந்தால் உங்கள் ஊர் கிஃப்ட், மிஞ்சினால் இந்த ஊர் கிஃப்ட்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

நாமும் சிரித்தோம். இல்லத்தரசியாரிடம் சொல்லி அவரும் சிரித்தார். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கொடை என்று எண்ணி நாம் எழுதிய ஒரு சொல்லை, பெற்றுக்கொண்டவர் நஞ்சு என்று படித்தார் என்பது வேறொரு நிகழ்ச்சியை நினைவுக்குக் கொண்டுவந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் அந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அடுத்து வந்த வாரங்களில் அகராதிகளைப் புரட்டி நாம் அறிந்துகொண்டவை இவை.

ஒரு வேர், பல கிளைகள்

ஐரோப்பிய மொழிகளில் ஒரே வடிவம் கொண்ட சொற்கள் வெவ்வேறு பொருள் தருவது அரிதன்று. 'புர்ரோ' என்று இத்தாலியர் கூறினால் வெண்ணெய். ஸ்பானியர் கூறினால் கழுதை. 'கால்தோ' என்று இத்தாலியக் குழாயின்மேல் எழுதியிருந்தால் சுடுநீர். அதைக் கண்டு ஜெர்மானியர் ஒருவர் தம் மொழியின் 'கால்ட்' என்று எண்ணினால் அவருக்கு அது குளிர்ந்த நீர். இவையெல்லாம் தற்செயலான ஒற்றுமைகள். வெவ்வேறு வேர்களிலிருந்து பிறந்த சொற்கள், நெடுவழி நடந்து, ஓரிடத்தில் ஒரே உடையில் சந்தித்துக்கொண்டவை.

'கிஃப்ட்' அப்படிப்பட்டதன்று. ஆங்கிலத்தின் கொடையும் ஜெர்மனின் நஞ்சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கொடுத்தல் என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வினைச்சொல் ஒன்றுண்டு. அதுவே ஆங்கிலத்தில் 'கிவ்' என்றும், ஜெர்மனில் 'கேபென்' என்றும் இன்றும் வழங்குகிறது. தமிழில் 'கொடு' என்பதிலிருந்து 'கொடை' பிறப்பதுபோல, அவ்வினையின் இறுதியில் ஓர் ஒலி சேர்ந்து 'கிஃப்ட்' என்னும் பெயர்ச்சொல் பிறந்தது. ஓட்டுதல் என்னும் ஆங்கில வினை 'டிரைவ்'. அதிலிருந்து 'டிரிஃப்ட்' பிறந்ததும் இவ்வாறே. ஆகவே தொடக்கத்தில் இச்சொல்லுக்கு இருந்த பொருள் ஒன்றே: கொடுக்கப்பட்டது.

அந்த ஒற்றைப் பொருள் நாட்டுக்கு நாடு எப்படிப் பிரிந்தது பாருங்கள். ஆங்கிலத்தில் அன்பளிப்பு. ஜெர்மனில் நஞ்சு. டச்சு மொழியில் இரண்டும் இருந்தன. குழப்பத்தைத் தவிர்க்க நஞ்சைக் குறிக்கும் சொல் கடைசி எழுத்தை இழந்து 'கிஃப்' என்று ஆயிற்று. 'கிஃப்ட்' நன்கொடையாக நின்றது. சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளின் மொழிகளிலோ இச்சொல்லுக்கு இரு பொருள்கள் இன்றும் அருகருகே குடியிருக்கின்றன. ஒன்று நஞ்சு, மற்றொன்று 'மணமானவர்'. சுவீடன் நாட்டில் ஒருவர் தம்மைத் திருமணமானவர் என்று சொல்வதற்கும், புட்டியில் இருப்பது விடம் என்று எச்சரிப்பதற்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை அவர்கள் 'யிஃப்ட்' என்று ஒலிக்கிறார்கள். இல்லற வாழ்வைப் பற்றி இதை வைத்து அவர்கள் நெடுங்காலமாக வேடிக்கை பேசி வருகிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இன்னும் வடக்கே, ஐஸ்லாந்து மொழியில் 'கிஃப்தா' என்பது நற்பேற்றையும் குறிக்கும். மணம் செய்து கொடுப்பதையும் குறிக்கும்.

அன்பளிப்பு, நஞ்சு, திருமணம், நற்பேறு. மனித வாழ்வின் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடுகிறது.

நஞ்சாக மாறிய கதை

கொடுக்கப்பட்டது என்னும் சொல் எப்படி நஞ்சாயிற்று? இதற்கு விடை தேட ஜெர்மனியை விட்டுச் சற்றுத் தெற்கே, கிரேக்கத்துக்குப் போக வேண்டும். கிரேக்க மொழியில் கொடுத்தலுக்கு 'டோசிஸ்' என்று பெயர். கிரேக்க மருத்துவர்கள், நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் அச்சொல்லாலேயே குறித்தார்கள். அது இலத்தீனுக்குச் சென்றது. அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவி, நாம் மருந்துக்கடையில் சொல்லும் 'டோஸ்' ஆயிற்று. இலத்தீன் மருத்துவ நூல்களைக் கற்ற பழைய ஜெர்மானியர் 'டோசிஸ்' என்பதைத் தம் மொழியில் பெயர்த்தபோது, கொடுத்தல் என்னும் பொருளுடைய தம் சொந்தச் சொல்லாகிய 'கிஃப்ட்' என்பதையே வைத்துக்கொண்டார்கள் என்பது மொழியறிஞர் கூற்று. மருந்தின் அளவாக நுழைந்த சொல், கொல்லும் அளவையும் குறிக்கலாயிற்று. நஞ்சை நஞ்சு என்று வெளிப்படையாகச் சொல்ல நா கூசியவர்கள், 'கொடுத்தது' என்று மறைத்துச் சொன்னார்கள். நாளடைவில் மறைப்பே பெயராயிற்று.

இது நமக்குப் புரியாத மனநிலை அன்று. நம் கிராமங்களில் ஒருவர் பூச்சிகொல்லியைக் குடித்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால், ஊரார் என்ன சொல்கிறார்கள்? "மருந்தைக் குடித்துவிட்டான்" என்றுதானே சொல்கிறார்கள். நஞ்சு என்ற சொல்லை அந்த வீட்டுத் திண்ணையில் வைத்து உச்சரிக்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை. பிணி தீர்ப்பதற்கும் உயிர் பறிப்பதற்கும் நம்மிடமும் ஒரே சொல் இருக்கிறது. கிரேக்கரின் 'ஃபார்மகோன்' இவ்வாறே மருந்தும் நஞ்சுமாக இருந்தது. ஆங்கிலத்திலும் ஃபிரெஞ்சிலும் நஞ்சைக் குறிக்கும் சொல்லோ, பருகுதல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவர், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஊர் ஊராகச் சுற்றித் திரிந்தவர். அவர் தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்கு மறுப்பாக 1538-இல் எழுதியவற்றில் இக்கருத்தைக் கூறினார்: எப்பொருளும் நஞ்சே; அதை நஞ்சல்லாததாக்குவது அளவு ஒன்றே. உப்பும் அளவு மீறினால் கொல்லும். விடமும் அளவாகக் கொடுத்தால் நோயைத் தீர்க்கும். இக்கருத்தை அவர் 'கிஃப்ட்', 'டோசிஸ்' என்னும் இரு சொற்களையும் கொண்டே கூறினார். இரண்டுக்கும் வேர்ப்பொருள் கொடுத்தல் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது. கொடுப்பது கொல்லாமல் இருப்பது, கொடுக்கும் அளவைப் பொறுத்தது என்றல்லவா அந்த வாக்கியம் ஆகிவிடுகிறது!

இன்னொரு செய்தியும் உண்டு. நச்சு ஆப்பிளை அன்போடு நீட்டிய அரசியின் கதையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அக்கதையைத் தம் தொகுப்பில் சேர்த்து 1812-இல் வெளியிட்டவர்கள் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் உடன்பிறப்புகள். பெரிய ஜெர்மன் அகராதி ஒன்றைத் தொடங்கியவர்களும் அவர்களே. அதன் முதல் தொகுதி 1854-இல் வெளிவந்தது. தம்பி வில்ஹெல்ம் 1859-இல் இறந்தார். அண்ணன் யாக்கோப் 1863-இல் இறந்தபோது, கனி என்னும் பொருளுடைய 'ஃபுருக்ட்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அகரவரிசையில் அதற்கு அப்பால் இருந்த 'கிஃப்ட்' என்ற சொல்லை அவர் எட்டவில்லை. கனியோடு அவர் கை நின்றது. அந்த அகராதியைப் பின்வந்தவர்கள் 1961-இல்தான் நிறைவு செய்தார்கள்.

மணப்பெண்ணும் ஒரு கொடை

திருமணம் இதில் எங்கே வந்தது? பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'யிஃப்ட்' என்று ஒலித்தது. அப்போது அதன் பொருள் பொதுவான அன்பளிப்பு அன்று. மணமகன் மணப்பெண்ணுக்காகக் கொடுத்த பொருள். அதன் பன்மை வடிவம் திருமணத்தையே குறித்தது. 9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வடநாட்டுக் கடலோடிகளின் பேச்சிலிருந்துதான், இன்றைய ஒலிப்பும் அன்பளிப்பு என்னும் பொதுப்பொருளும் ஆங்கிலத்துக்கு வந்தன.

அக்கடலோடிகளின் தாயகத்திலோ, 'கொடுக்கப்பட்டவள்' என்பதே 'மணமானவள்' என்று ஆயிற்று. சுவீடனில் 1734-இல் இயற்றப்பட்ட பெருஞ்சட்டத் தொகுப்பில் திருமணத்தைப் பற்றிய பகுதிக்கு இந்த வேரிலிருந்தே பெயர் அமைந்தது. பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை பெற்ற தந்தையையோ உறவினரையோ 'யிஃப்தோமான்' என்று அச்சட்டம் அழைத்தது. கொடுக்கும் ஆள் என்பது அதன் பொருள். பெண்ணின் விருப்பம் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. நாமும் 'பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்' என்று இன்றுவரை கூச்சமின்றிப் பேசுகிறோம்.

ஜெர்மனில் 'கிஃப்ட்' நஞ்சாக நிலைத்துவிட்ட பின்பும், ஒரே ஒரு கூட்டுச் சொல்லில் பழைய பொருள் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கிறது. அது 'மிட்கிஃப்ட்'. 'உடன் கொடுத்தது' என்பது நேர்ப்பொருள். மணப்பெண்ணோடு அனுப்பப்படும் சீதனம். அங்கே அந்த வழக்கம் மறைந்து பல்லாண்டு ஆகிறது; சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஜெர்மன் மொழியைப் புதிதாகக் கற்பவர் அச்சொல்லைக் கண்டால் 'உடன் வரும் நஞ்சு' என்று பொருள் கொள்ள இடமுண்டு.

அவ்வாறு பொருள் கொள்பவரை நாம் திருத்தாமல் விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அன்பளிப்பு என்ற பெயரில் அது உலவி வருவதை அறியாதார் யார்? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பிச் செய்வதைச் செய்யுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் புன்னகையோடு கூறும்போது, ஒரே சொல்லின் இரு பொருளும் ஒருங்கே அந்தப் புன்னகையில் இருக்கின்றன.

வாங்கியவரின் சுமை

மார்செல் மோஸ் என்னும் ஃபிரெஞ்சு அறிஞர் 1924-இல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். 'டோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்ற விளக்கத்தை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அவ்விளக்கம் அவருக்குப் போதவில்லை. நஞ்சைக் குறிக்க வேறு எத்தனையோ சொற்கள் இருக்க, கொடையைக் குறிக்கும் சொல்லையே மக்கள் ஏன் தேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த கொடை பற்றிய அவருடைய நீண்ட ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பல சமுதாயங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அவர், கொடையில் மூன்று கடமைகள் இருப்பதாகக் கண்டார்: கொடுக்க வேண்டும், பெற்றுக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர முடியாதவன் தாழ்ந்துபோகிறான். கொடுத்த பொருளில் கொடுத்தவனுடைய ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. அது வாங்கியவனைப் பிணிக்கிறது. ஆகவேதான் கொடை மகிழ்ச்சியும் தருகிறது, அச்சமும் தருகிறது.

மொய் எழுதும் ஊரில் பிறந்த நமக்கு இதை விளங்கிக்கொள்ள ஃபிரெஞ்சு அறிஞர் தேவையில்லை. திருமணப் பந்தலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்து, இன்னார் இவ்வளவு என்று எழுதுகிறார். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் விழா வரும்போது எடுத்துப் பார்த்து, அதற்குக் குறையாமல் செய்கிறோம். இதில் ஒரு நேர்மை உண்டு. மொய் தன்னைக் கடன் என்று ஒப்புக்கொள்கிறது. திருப்பிக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நோட்டில் எழுதாமல், கொடுத்தவரின் நெஞ்சில் மட்டும் எழுதி வைத்திருக்கும் கொடைக்குத்தான் தீர்வே இல்லை. அப்படிப்பட்ட நோட்டு ஒன்றை நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தோம்.

நாம் கொடுத்தது

1986-இல் நம் தந்தையார் காலமானபோது நாம் ஆசிரியப் பணியில் இருந்தோம். தம்பிக்குப் பதினேழு வயது. அவனைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் சேர்த்து, மூன்று ஆண்டுகள் படிப்புக் கட்டணமும் விடுதிச் செலவும் கட்டினோம். ஒருமுறை இல்லத்தரசியாரின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. அவன் நன்றாகப் படித்தான். ஓர் ஆலையில் வேலையும் கிடைத்தது. இதுவரையில் நாம் செய்தது தவறன்று. அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்தோம்.

தவறு அதற்குப் பின்னர்த் தொடங்கியது. 1996-இல் அவன் திருமணத்தின்போது பெண் வீட்டார் நடுவில், "இவன் படித்தது நம் சம்பளத்தில்" என்றோம். அவன் மகளின் ஞானஸ்நான விருந்திலும் சொன்னோம். உறவினர் வந்தால் சொன்னோம், பங்குத்தந்தையிடமும் சொன்னோம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெருமையாகச் சொல்வதாகவே எண்ணியிருந்தோம். அவன் தலை ஒவ்வொரு முறையும் சற்றுக் குனிந்ததை நன்றியின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டோம். வலக்கையையும் இடக்கையையும் பற்றிய நற்செய்திப் பகுதியை ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று திருப்பலியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அது வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று நினைத்திருந்தோம்.

2008-இல் அவன் சொந்தமாக வீடு கட்டினான். வீடு மந்திரிக்கும் நாளில் வந்திருந்தவர்களிடம் பழைய பல்லவியைத் தொடங்கினோம். அன்று மாலை, எல்லாரும் சென்ற பின்பு, அவன் ஒரு பழுப்பு நிற உறையைக் கொண்டுவந்து நம் கையில் வைத்தான்.

"அண்ணே, மூணு வருசத்துக் கணக்கு. ஒன்பதாயிரத்து நானூறு. சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் நம்மை மேலும் சுட்டது. நன்றி கெட்டவன் என்று சொல்லிவிட்டு வெளியேறினோம். உறையை வீசி எறிந்துவிட்டு வந்தோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கையில் பற்றியபடியே வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து, பிரிக்காமலே பீரோவின் மேல்தட்டில், பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம். அதற்குப் பின் திருவிழாவிலும் துக்க வீட்டிலும் பார்த்தால் இரண்டு சொல் பேசுவோம். அதற்கு மேல் இல்லை. பிள்ளைகள் மட்டும் இரு வீட்டுக்கும் தடையின்றி வந்து போனார்கள்.

அவன் மகள் செவிலியர் படிப்பை முடித்து, 2021-இல் ஜெர்மன் மொழி கற்கத் தொடங்கினாள். பயிற்சிக்கும் தேர்வுக்கும் பணம் வேண்டியிருந்தது. நாம் தருவதாகச் சொல்லி அனுப்பினோம். தம்பி வேண்டாம் என்றான். மனைவியின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துக் கடன் வாங்கினான். நம் பணத்துக்கு என்ன குறை என்று அப்போது பொருமினோம். அவனுக்கு அந்தப் பெட்டியின்மேல் எழுதியிருந்த சொல் சரியாகவே தெரிந்திருக்கிறது. நாம்தாம் அதை நம் மொழியிலேயே படித்துக்கொண்டிருந்தோம்.

ஜெர்மனியில் மருந்தகங்களில் கொடிய மருந்துகளைத் தனியே பூட்டி வைக்கும் அலமாரிக்கு 'கிஃப்ட்ஷ்ராங்க்' என்று பெயர். பொதுவில் படிக்கத் தகாதவை என்று கருதப்பட்ட நூல்களைப் பூட்டி வைத்த நூலக அலமாரிகளையும் அவ்வாறே அழைத்தார்கள். தம்பி மகள் தொலைபேசியில் சிரித்த அன்றிரவு, உறக்கமின்றிப் படுத்திருந்த நம் கண்முன்னே நின்றது நம் வீட்டு பீரோவின் மேல்தட்டுதான்.

ஒரு சொட்டு

என்ன செய்வது என்று பல நாள் யோசித்தோம். முதலில் தோன்றியது, அவனுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்பது. உடனே நமக்கே வெட்கமாயிற்று. நோய்க்குக் காரணமான மருந்தையே இன்னொரு வேளை கொடுப்பதல்லவா அது? மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எழுபது வயது நாவுக்கு அது எளிதாக இல்லை.

இதற்கிடையே வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது, அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறினார். மகன் வெளியூரில் இருக்கிறான். இல்லத்தரசியாருக்கு முழங்கால் வலி. நாம் தொலைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்தோம். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, கண் ஆப்பரேசன் செய்யணும்னு சொல்றாங்க. கூட வர ஆள் இல்லை. நீ வருவியா?"

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"என்னைக்குண்ணே?" என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் புறப்படும் முன் பீரோவைத் திறந்தோம். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உறையைப் பிரித்தோம். எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள். பணம் கட்டும் இடத்தில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அவற்றை எடுத்து நீட்டினோம். பழுப்பு உறையை அவன் அடையாளம் கண்டுகொண்டான். இது நீ தந்தது, இதுநாள்வரை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் இருந்துவிட்டோம் என்றோம். எஞ்சிய தொகையை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்தான். நாம் தடுக்கவில்லை. தடுக்காமல் நிற்பதற்கு எவ்வளவு வலிமை வேண்டியிருந்தது என்பது நமக்குத்தான் தெரியும்.

அன்பான வாசகர்களே, கொடுப்பது உயர்ந்தது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது உண்மைதான். ஆயினும் கொடுத்துக்கொண்டே இருப்பவன், பிறர் என்றும் வாங்குபவராகவே இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுகிறான். அப்போது கையில் இருக்கும் பொருள் மாறாமலே அதன் பெயர் மாறிவிடுகிறது. பழைய ஜெர்மானியர் இதை அறிந்துதான் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. மொழியறிஞர் கூறும் காரணம் வேறு. ஆனால் அந்தச் சொல்லை இரு பொருளிலும் நம் வீட்டிலேயே கண்டுவிட்டோம்.

சிகிச்சை முடிந்து ஒரு வாரம் தம்பி நம் வீட்டிலேயே தங்கினான். நாளுக்கு நான்கு முறை கண்ணில் மருந்து விட வேண்டும். நம் கைக்கு நடுக்கம் உண்டு. முதல் நாள் நாமே விடுகிறோம் என்று புட்டியை எடுத்து, மருந்தைக் கன்னமெல்லாம் வழிய விட்டோம். அவன் புட்டியை மெல்ல வாங்கிக்கொண்டு, நம் தலையைச் சாய்த்துப் பிடித்தான்.

"ஒரு சொட்டு போதும்ணே" என்றான்.